பக்கத்துக்கு ஆறு குஞ்சம்

பிழையைக் கண்டால் ஏர்னெஸ்ட் மாஸ்டரால் சும்மா போக முடியாது. மிஷன் பள்ளிக்கூடமொன்றில் முப்பத்திரண்டு வருடம் இங்கிலிசு படிப்பித்து, பென்சன் எடுத்துக்கொண்டு பருத்தித்துறையில் வந்து குந்தியவர். தேத்தண்ணிக் கடைப் பலகை, கலியாண அழைப்பிதழ், லொறியின் பின்பக்கம், ஒன்றும் அவர் கண்ணுக்குத் தப்பாது. செத்தவீட்டுக்குப் போனால் அனுதாபம் சொல்லுமுன் மரண அறிவித்தலில் இருக்கும் பிழையைச் சொல்லிவிடுவார். கலியாணம் பேசிய காலத்தில் நவமணி அவருக்கு இங்கிலிசில் ஒரு கடிதம் எழுதினார். மாஸ்டர் அதைத் திருத்தி, அடியில் பத்துக்கு ஏழு போட்டுத் திருப்பி அனுப்பினார். நவமணி பிறகும் அவரைத்தான் கட்டினார். ஆனால் அதற்குப் பிறகு இங்கிலிசில் ஒரு வரி எழுதவில்லை.

இந்த மனிதரின் கையில்தான், எண்பத்து நாலாம் ஆண்டு ஆடி மாதம், இங்கிலிசில் பிஷப் எனப்படும் ஒரு கத்தோலிக்க மேற்றிராணியாரின் விருதுச் சின்னம் வந்து சேர்ந்தது.

அந்த ஆடியில் ஊர் ஆறு மணிக்கே கதவைச் சாத்தப் பழகியிருந்தது. றோட்டில் ஆமி ட்றக் சத்தம் கேட்டால், வீட்டில் இளந்தாரி உள்ளவர்கள் விளக்கைத் தணித்தார்கள்; இல்லாதவர்களும் தணித்தார்கள். இந்த நேரம் பார்த்துத்தான், முப்பது வருடத்துக்கு முன் கடல் கடந்து வேதம் போதிக்கப்போய், எங்கோ ஒரு தூரத்துத் தீவில் மேற்றிராணியாராகிவிட்ட சூசைநாதர், பிறந்த மண்ணின் அந்தோனியார் கோயில் திருநாளுக்கு வருவதாக எழுதியிருந்தார். கடிதத்தோடு வர்ணத்தில் கீறிய ஒரு கேடயப் படமும், அதற்கு இரண்டு பக்க இங்கிலிசு விளக்கமும் இருந்தன. அந்தச் சின்னத்தைச் செய்வித்துக் கோயில் வாசல் வளைவில் பொருத்தினால் தமக்கு மகிழ்ச்சி என்று அடியில் ஒரு குறிப்பு. பெரிய மனிதர்கள் அப்படித்தான் கேட்பார்கள்.

கோயில் சபையின் செயலாளர் சந்தியாம்பிள்ளை அந்த விளக்கத்தை மூன்று நாள் வாசித்துப் பார்த்துவிட்டு, கௌரவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மெதடிஸ்ற்காரரான மாஸ்டரின் விறாந்தைக்கு வந்தார்.

மாஸ்டர் மேற்றிராணியார்களிலும் அவர்களின் தொப்பிகளிலும் நம்பிக்கை இல்லாத சபையில் பிறந்தவர். ஆனாலும் பள்ளிக்கூட நூல்நிலையத்தின் தடித்த கலைக்களஞ்சியத்தை இரவல் வாங்கி, இரண்டே நாளில் சின்னங்களின் சாத்திரத்தைக் கரைத்துக் குடித்துவிட்டார். முழுச் சின்னத்துக்கு இங்கிலிசில் ‘ஆம்ஸ்’ என்று பெயர். கேடயத்தின் தளத்துக்கு ‘பீல்ட்’ என்று பெயர். அதில் கீறும் உருவங்களுக்கு ‘சார்ஜ்’ என்று பெயர். இங்கே பீல்ட் நீலம். சார்ஜ் மூன்று: ஒரு கட்டுமரம், ஒரு பனை, ஒரு நட்சத்திரம். கட்டுமரம் திருச்சபையாம். நட்சத்திரம் தேவமாதாவாம். பனை தாயகத்தின் நிமிர்ந்த நெஞ்சாம். மேற்றிராணியாரின் தகப்பனார் கள்ளுத் தவறணை நடத்தியவர் என்பதை அறிந்த ஊர்ப் பெரியவர்கள், பனையை மட்டும் விளக்கமில்லாமலே விளங்கிக்கொண்டார்கள்.

கேடயத்துக்கு மேலே ஒரு பச்சைத் தொப்பி. அது தலையில் வைக்கிற தொப்பி அல்ல. கீறி மகிழ்கிற தொப்பி. அதிலிருந்து இரண்டு பக்கமும் பச்சைக் கயிறு இறங்கி, முடிவில் குஞ்சங்கள் தொங்கின. மாஸ்டர் எண்ணிக் காட்டினார்: ஒன்று, அதன் கீழ் இரண்டு, அதன் கீழ் மூன்று. பக்கத்துக்கு ஆறு.

சந்தியாம்பிள்ளையின் முகம் விழுந்தது.

“ஆறு காணாது மாஸ்டர். வளைவு பெரிசு. தூரத்திலை நிண்டு பாக்கிறவைக்கு வெறுமையாத் தெரியும்.”

“ஆறு எண்டால் மேற்றிராணியார். பத்து எண்டால் அதிமேற்றிராணியார். பதினைஞ்சு எண்டால் கர்தினால். உது உங்கடை வீட்டு யன்னல் சேலையில்லை, நினைச்ச மாதிரித் தொங்கவிட.”

“எங்கடை ஆள் அதிமேற்றிராணியாராய் வராமலே போகப்போறார்? இப்பவே போட்டு வைச்சால் பிறகு திருப்பிச் செய்யத் தேவையில்லை.”

மாஸ்டர் சிரிக்கவில்லை. குஞ்சத்தில் பொய் சொல்கிறவன் நாளைக்கு எதிலும் பொய் சொல்லுவான் என்றார். பக்கத்துக்கு ஆறு என்று தாளில் எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்தார்.

தகட்டில் இனாமல் வேலை செய்து தருகிறவர்கள் கொழும்பில்தான் இருந்தார்கள். கொழும்பில் இருந்த ஒரே சொந்தம் தேவராஜா, நவமணியின் தம்பி. தாய் செத்தபோது அவனுக்கு நாலு வயது. நவமணிதான் இடுப்பில் வைத்து வளர்த்தார். முப்பத்து மூன்று வயதாகியும் அவர் வாயில் அவன் ‘குஞ்சு’தான். போன வருடத்துக் கலவரத்தில் உடுத்த சாரத்தோடு கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கியவன், ஆறு மாதம் இங்கே வேலை தேடிச் செருப்பைத் தேய்த்துவிட்டு, பழைய கம்பனியின் பழைய கதிரைக்கே திரும்பிப் போயிருந்தான்.

கேடயத்தைச் செய்வித்து, திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை றெயினில் கையோடு கொண்டு வரும்படி மாஸ்டர் அவனுக்கு எழுதப்போவதை அறிந்து நவமணி குசினிக்குள் இருந்து வந்தார்.

“தகடு தபாலிலை வரட்டும். அவனை உந்தப் பாதையாலை கூப்பிடாதையுங்கோ. ஒவ்வொரு இடத்திலையும் இறக்கி ஏத்துறாங்களாம்.”

“தபாலிலை வந்தால் இனாமல் உடையும், நவம்.”

இனாமல் உடையாது என்று நவமணி சொல்லவில்லை. அது உடைந்தால் என்ன என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனார். கடிதம் போயிற்று.

அதற்கடுத்த புதன்கிழமை, சந்தையில் மாஸ்டரைக் கண்ட சந்தியாம்பிள்ளை, வாயில் வெற்றிலையும் முகத்தில் வெற்றியுமாக ஒரு விசயத்தைச் சொன்னார். போன கிழமையே கொழும்புக்குப் போன ஒருவரிடம் தேவராஜாவுக்குத் துண்டுக் கடிதமொன்று கொடுத்து விட்டாராம். பத்துக் குஞ்சம் போடச் சொல்லி. மாஸ்டரும் சம்மதம் என்று ஒரு வரி சேர்த்து.

மாஸ்டர் மரக்கறிப் பையை அவர் காலடியிலேயே வைத்துவிட்டுத் தபால் கந்தோருக்கு நடந்தார். படிவத்தை வாங்கி, நின்ற நிலையில் தந்தி எழுதினார். இங்கிலிசில்தான். தமிழில் சொன்னால் அது இப்படி இருக்கும்: ‘மேற்றிராணியாரின் ஆம்ஸைச் சனிக்கிழமை தவறாமல் கொண்டு வா. நீல பீல்டில் மூன்று சார்ஜ். பச்சை பக்கத்துக்கு ஆறு, பத்து அல்ல. வாசலுக்கு மேல் வைக்க வேண்டும்.’

கவுண்டரில் இருந்த அருளம்பலம் மாஸ்டரிடம் படித்தவர். பென்சில் நுனியால் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுக்கொண்டு வந்தவர், இரண்டாவது சொல்லில் நின்றார். பிறகு சார்ஜில் நின்றார். குரலைத் தணித்துக்கொண்டார்.

“சேர், உந்த ஆம்ஸ்… ஆயுதம் எண்டெல்லோ வாசிப்பினம்? சார்ஜ் எண்டாலும் இப்ப ஒரு கருத்துத்தானே, வெடிக்கிறது. ‘கோட் ஒஃப் ஆம்ஸ்’ எண்டு முழுக்கப் போட்டால் என்ன?”

“கோட் எண்டு போடுறது அரைகுறையாப் படிச்சவன்ரை வேலை. சாத்திரம் தெரிஞ்சவன் ஆம்ஸ் எண்டுதான் எழுதுவான். நான் உனக்கு உதைப் படிப்பிக்கேல்லையோ?”

“படிப்பிச்சனீங்கள் சேர். ஆனால் வாசிக்கிறவனுக்கு ஆர் படிப்பிச்சது?”

மாஸ்டருக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. சரியாக எழுதியவன் ஏன் பயப்பட வேண்டும் என்று கேட்டார். அருளம்பலம் முத்திரையைக் குத்தினார். வழக்கத்தை விட மெதுவாகக் குத்தினதாக மாஸ்டருக்குப் பிறகு ஞாபகம் வந்தது.

தந்தி எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போனது என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. தேவராஜாவின் கைக்கு மட்டும் போகவில்லை.

சனிக்கிழமை மாஸ்டர் பஸ் நிலையத்தில் நின்றார். றெயினை விட்டுக் கொடிகாமத்தில் இறங்கினால் அங்கிருந்து பஸ். முதல் பஸ் வந்தது, இல்லை. அடுத்த பஸ்ஸில் பாதிச் சீற்றும் வெறுமை. கடைசியில் இறங்கிய ஒரு மனுசி மாஸ்டரைக் கண்டதும் நடையைத் தளர்த்தினாள். அவள் மாஸ்டரைப் பார்க்கவில்லை, கையில் இருந்த பையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: தான் வந்த றெயின் பெட்டியில் ஒரு தம்பி வந்தவர். மடியில் பெரிய பார்சல், பிறவுண் பேப்பர் சுத்தினது. வழியில் ஆமிக்காரர் ஏறி வேறு ஒருவரையும் கேட்கவில்லை. கையில் ஒரு துண்டுத் தாள் வைத்திருந்து, பெயர் சொல்லிக் கேட்டார்கள். தேவராஜா என்று.

பெயர் சொல்லி.

நவமணி அழவில்லை. அடுப்பில் தம்பிக்கென்று ஆக்கிய கணவாய்க் கறியை இறக்கி மூடி வைத்தார். அது ஞாயிறும் மூடியபடியே இருந்தது. திங்கட்கிழமை காலை அவன் எந்த முகாமில் இருக்கிறான் என்று தெரிந்தது. கறியைக் கொண்டுபோய் மண்ணில் கிடங்கு வெட்டித் தாட்டுவிட்டு, நவமணி கணவரின் கலியாணக் கறுப்புக் கோட்டை எடுத்துத் தூசு தட்டிக் கொடுத்தார். தந்தியில் போட மறுத்த கோட்டை உடம்பில் போட்டுக்கொண்டு, ஆடி வெயிலில் ஏர்னெஸ்ட் மாஸ்டர் புறப்பட்டார்.

“அவங்களோடை வாதாடாதையுங்கோ,” என்றார் நவமணி. “அவன் வந்தால் காணும். நீங்கள் வெல்லத் தேவையில்லை.”

முகாம் வாசலில் மூன்று மணித்தியாலம் நிறுத்தினார்கள். அங்கே அவரைப்போல் நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள். உள்ளே எங்கோ ஒரு றேடியோவில் சிங்களப் பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. அது திடீரென்று சத்தமாகும், பிறகு தணியும். சத்தமாகும்போதெல்லாம் பக்கத்தில் நின்ற பெண்கள் நிலத்தைப் பார்த்தார்கள். பாட்டு எதை மூடுகிறது என்று விளங்க மாஸ்டருக்கு நேரம் எடுத்தது. விளங்கிய பிறகு அவரும் நிலத்தைப் பார்த்தார்.

கப்டன் இளைஞன். முப்பது வயது இருக்காது. மேசையில் ஒரு பக்கம் அவனுடைய தொப்பி; மறு பக்கம், பிறவுண் பேப்பர் கிழிந்தபடி, மேற்றிராணியாரின் கேடயம். நீலமும் பச்சையும் மின்னின. கீறல் இல்லை. இனாமல் உடையாமல் வந்து சேர்ந்திருந்தது.

கப்டன் நல்ல இங்கிலிசு பேசினான். தமிழில் இங்கே எழுதியிருப்பது எல்லாம் அவன் இங்கிலிசில் சொன்னது.

“இது என்ன என்று எனக்குத் தெரியும். என் தொப்பியிலும் ஒரு சின்னம் இருக்கிறது. ஆனால் ‘ஆம்ஸ்’ என்று தந்தியடிக்கிற ஒருவன் தகட்டைத்தான் நினைக்கிறான் என்று என் மேலதிகாரிக்கு நான் எப்படிச் சொல்வது? விளக்குங்கள்.”

மாஸ்டர் விளக்கினார். வகுப்பில் விளக்குவதுபோல் தொடக்கத்திலிருந்து விளக்கினார். விளக்க விளக்க ஒவ்வொன்றும் அவர் வாயிலேயே நிறம் மாறியது. நட்சத்திரம் வழிகாட்டும் என்றார். யாருக்கு என்று கேட்டான். பனை தாயகம் என்றார். யாருடைய என்று கேட்டான். கட்டுமரம் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டான். சின்னச் சாத்திரத்தில் வலப்பக்கம் என்பது கேடயத்தைப் பிடித்திருப்பவரின் வலப்பக்கம், ஆகவே பார்ப்பவருக்கு அது இடப்பக்கமாகத் தெரியும் என்று மாஸ்டர் தொடங்கினார்.

“நான் கேட்டது வடக்கா தெற்கா என்று,” என்றான் கப்டன். “உங்கள் கரையிலிருந்து வடக்கே போகிற படகுகளைப் பற்றி எனக்கு நிறையக் கேள்வி இருக்கிறது.”

பிறகு தந்தியை எடுத்து மேசையில் வைத்து, விரலால் நீவி விட்டான்.

“பச்சை பக்கத்துக்கு ஆறு, பத்து அல்ல. இதில் எண்ணுங்கள்.”

மாஸ்டர் எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, அதன் கீழ் நாலு. பத்து. சந்தியாம்பிள்ளையின் துண்டு மட்டும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தது.

“பச்சை எத்தனை என்று உங்கள் மைத்துனனிடம் கேட்டோம். பத்து என்றான். தந்தி ஆறு என்கிறது. ஆறு எங்கே என்று கேட்டோம். ஆறைப் பற்றித் தனக்கு ஒன்றுமே தெரியாது என்றான். வெள்ளி தொடங்கி… இல்லை, சனி. சனி தொடங்கி அதையேதான் சொல்கிறான்.” அவன் தொப்பியைத் திருப்பி வைத்தான். “பிடிவாதக்காரன்.”

தகட்டின் குஞ்சங்களைப் பற்றி இரவு பகலாக ஒருவனிடம் கேட்கப்பட்டிருக்கிறது. அவன் சரியான விடையைச் சொல்லியிருக்கிறான். சரியான விடைக்கு இங்கே மாக்ஸ் இல்லை.

கப்டன் கெட்டவனாக இருக்க விரும்பவில்லை என்றுதான் தோன்றியது. அவன் வாசலில் நிற்கும் ஐம்பது பேரையும் பார்க்க வேண்டும். ஒரு பெல்லை அடித்தான். ஒரு சிப்பாய் தட்டெழுத்தில் அடித்த தாளொன்றைக் கொண்டு வந்தான். இதுதான் வழி என்றான் கப்டன். தந்தி எழுதியவர் ஒரு கிழவர், இங்கிலிசு சரியாகத் தெரியாதவர், தெரியாத சொற்களைப் போட்டுப் பிழையாக எழுதிவிட்டார். அப்படி அவரே ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்தால் மேலே அனுப்பலாம். மேலே உள்ளவர்கள் சிரித்துவிட்டுக் கோப்பை மூடுவார்கள். மைத்துனனைக் கூட்டிக்கொண்டு போகலாம்.

“இன்றைக்கே?” என்று கேட்டார் மாஸ்டர்.

“இன்றைக்கே. நாலு மணிக்கு இங்கே இருப்பவர்களை ஏற்றிக்கொண்டு தெற்கே ஒரு ட்றக் போகிறது. அதற்கு முதல் என்றால் நல்லது.”

அவன் தன் பேனையை நீட்டினான்.

மாஸ்டர் தாளை வாசித்தார். ஐந்து வரி. முப்பத்திரண்டு வருடச் சேவையை ஐந்து வரியில் தாட்டிருந்தார்கள். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று ஒருதரம் நிமிர்ந்து பார்த்தது உண்மை. நவமணி சொன்னது ஞாபகம் வந்ததும் அது படுத்துவிட்டது. வெல்லத் தேவையில்லை. அவர் கையெழுத்து வைக்கத்தான் போனார். அதைப் பற்றி ஒருவரும் சந்தேகப்பட வேண்டியதில்லை.

ஆனால் மூன்றாவது வரி இருந்தது. ‘நான் இங்கிலிசு படித்த ஓர் ஆள் அல்ல’ என்று பொருள்படும் வரி. தமிழில் ‘ஒரு ஊர்’ என்று எழுதாமல் ‘ஓர் ஊர்’ என்று எழுதுகிறோமே, அதுபோல இங்கிலிசிலும் உயிரெழுத்துக்கு முன்னால் ‘எ’ போட்டால் பிழை. அதோடு ஒரு ‘ன்’ சேர வேண்டும். அடித்த சிப்பாய் ‘ன்’னை விட்டிருந்தான்.

மாஸ்டர் யோசித்துச் செய்யவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டார். கண் அங்கே நின்றது, கை அங்கே போனது. அந்த ‘எ’க்குப் பக்கத்தில், கீழே, சின்னக் கூரை ஒன்று போட்டார். கூரைக்கு மேலே ஒரு ‘ன்’. ஓரத்தில், திருத்தியவர் யார் என்று தெரிய, தன் பெயரின் முதலெழுத்து. பிறகு அடிக்குப் போய், வடிவான எழுத்தில் கையெழுத்து வைத்துத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

கப்டன் வாசித்தான். மூன்றாவது வரியில் நின்றான். அவன் முகத்தில் முதலில் வந்தது சிரிப்புத்தான். நல்ல சிரிப்பு, பள்ளிக்கூடத்துப் பெடியனின் சிரிப்பு. அது வந்த வழியே போய்விட்டது.

“உங்கள் இங்கிலிசு மிகவும் நன்று,” என்றான்.

மாஸ்டருக்கு அப்போதுதான் தான் செய்தது விளங்கியது. வேறு தாளில் அடிக்கச் சொல்லும்படி கேட்டார். எந்தப் பிழையோடும் அடிக்கட்டும், பத்துப் பிழையோடு அடிக்கட்டும், கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து வைப்பேன் என்றார். கோட்டின் பொத்தானைப் பிடித்துக்கொண்டு கேட்டார். வாழ்க்கையில் அவர் யாரையும் கெஞ்சியதில்லை. பழக்கமில்லாததால் அதையும் முழு வசனங்களில் செய்தார்.

“தாளை மாற்றலாம்,” என்றான் கப்டன். “எனக்குத் தெரிந்துவிட்டதை எப்படி மாற்றுவது? இந்த அளவு கவனமாக எழுதுகிறவர் அந்தத் தந்தியில் ஒரு சொல்லைக்கூடப் பிழையாகப் போட்டிருக்க மாட்டார்.”

அது உண்மை. போடவில்லை.

கேடயத்தைக் கொண்டுபோகச் சொன்னான். தகடு தங்களுக்குத் தேவையில்லை என்றான். வெளியே வந்தபோது மதிலுக்கு உள்ளே ட்றக் ஒன்று ஸ்ராட் ஆகிற சத்தம் கேட்டது. மாஸ்டர் மணியைப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் கேடயத்தை மடியில் நிமிர்த்தி வைத்தபடி வந்தார். யாரோ எழும்பி இடம் விட்டார்கள், மனிதனுக்கோ சின்னத்துக்கோ தெரியாது. சந்தியில் சந்தியாம்பிள்ளை இரண்டு நாளாகக் காத்திருந்தவர்போல் நின்றார். கேடயத்தைக் கையில் வாங்கினார். கை வாங்கியது, கண் அதுபாட்டுக்குக் குஞ்சங்களை எண்ணியது. பத்து வந்ததும் முகம் ஒரு கணம் மலர்ந்தது. பிறகு மாஸ்டருக்குப் பின்னால் பார்த்தார். வெறும் றோட்டு. கேடயத்தைத் துணியால் மூடிக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு மற்றப் பக்கத்தால் போனார்.

நவமணி வாசல் படலையில் நின்றார். மாஸ்டர் எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் ஒளிக்கவில்லை. கூரையைச் சொன்னார், ‘ன்’னைச் சொன்னார், ஓரத்தில் போட்ட முதலெழுத்தையும் சொன்னார். நவமணி கடைசிவரை கேட்டார்.

“தாளிலை மொத்தம் எத்தினை பிழை இருந்தது?”

“ஒண்டு.”

“ஒண்டுதானே,” என்றார் நவமணி. “அந்தக் கடிதத்திலை எனக்கு மூண்டு குறைச்சனீங்கள். நான் வந்தனான்தானே.”

அவர் படலையைச் சாத்தவில்லை. அன்று ஆறு மணிக்குப் பிறகும் அந்த ஒழுங்கையில் ஒரு படலை மட்டும் திறந்து கிடந்தது.